நான் பேசாத விளம்பரத்தில் என் குரல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்களுக்குப் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருகிறேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் நான்கு மாசி வீதிகளிலும் ஆட்டோ மைக்கில் என் குரல் சுற்றும். இப்போது நான் பேசாத ஒரு விளம்பரத்திலும் அது சுற்றுகிறது.

சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்று ஒரு சூரணத்துக்கு வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் அது. என் பழைய பதிவு எதையோ வைத்து ஏஐ மூலம் குரலை நகலெடுத்திருக்கிறார்கள். நான் இழுத்துச் சொல்லும் இடம், மூச்சு வாங்கும் இடம்கூட அப்படியே இருக்கிறது. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர், "நீ சொன்னேன்னுதான் தம்பி வாங்கினேன், இனி மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டபோது பதறிவிட்டேன். நிறுத்தவே கூடாது என்று அவருக்குப் புரியவைத்தாயிற்று. கேட்ட மற்றவர்களுக்கு யார் சொல்வது?

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைப்பதாக விளம்பரம் வந்தால் அது அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகள் சொல்கின்றன. பாடகர் அரிஜித் சிங் 2024-ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதற்கு இடைக்காலத் தடை வாங்கினார். அவர் நாடறிந்தவர். ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எங்களுக்கு உயர் நீதிமன்றம் எட்டுமா?

முறையாகச் செய்யவும் வழி இருக்கிறது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏஐ மூலம் ஒரு பாட்டில் பயன்படுத்திய ஏ.ஆர்.ரகுமான், அவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக 2024-ல் தெரிவித்தார். கடைக்காரர்களும் அப்படிக் கேட்கட்டும். விலை மாறியது, தேதி மாறியது என்ற சின்னத் திருத்தங்களுக்கு நானே சரி என்பேன்.

எந்தப் பொருளுக்கு, எத்தனை காலத்துக்கு ஏஐ-யில் குரலைப் பயன்படுத்தலாம் என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். செயற்கைக் குரல் என்பதை விளம்பரத்தின் தொடக்கத்திலேயே காதில் விழும்படி சொல்ல வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் அந்தப் பெரியம்மாவால் படிக்க முடியாது. மருந்து விளம்பரங்களில் நகல் குரலே கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இத்தகைய விளம்பரங்கள் மீது மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
விளம்பரக் குரல் கலைஞர், மதுரை