சேகரின் ரேடியோவில் வியாழன்

அன்புள்ள பாஸ்கர்,

ஒன்றரை வருஷமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. சின்னவள் வேலைக்குப் போகிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

போன செவ்வாய் விடியற்காலை, மொட்டைமாடியில் வியாழனின் சத்தத்தைக் கேட்டேன்டா! சிற்றலை ரேடியோ, துணிக்கொடி மாதிரி இழுத்துக் கட்டிய கம்பி, 20 மெகாஹெர்ட்ஸ். கரையில் அலை புரள்வதுபோல விட்டுவிட்டு ஓர் இரைச்சல். இந்த இரைச்சலுக்கும் வியாழனின் நிலாவான அயோ இருக்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. அயோ அப்போது எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டேன், பொருந்தியது. 1955இல் பர்க், பிராங்க்ளின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தற்செயலாகப் பிடித்த அதே இரைச்சல். தங்கம் எழுந்து வந்து, "இதுக்கா தூக்கத்தைக் கெடுத்தீங்க?" என்றாள்.

ரேடியோ சேகருடையது. அவன் போன பிறகு அவன் வீட்டில் கொடுத்தார்கள். எழுதாததற்குக் காரணமும் அதுதான், விடு.

அன்றிலிருந்து ஒரு விஷயம் குடைகிறது. அயோவின் எரிமலை வாயு நொடிக்குச் சுமார் ஒரு டன் வியாழனின் காந்தமண்டலத்தில், அதாவது அதன் காந்தப் புலம் ஆளும் வெளியில், சேர்கிறது. அது மின்னேறிய வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாக மாறி, பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும் கோளோடு சேர்ந்து ராட்டினம் ஆடுகிறது. கனமான பிளாஸ்மா மெல்ல வெளியே ஒதுங்கும். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து, கிட்டத்தட்ட காலியான, சூடான காந்தக் குழாய்கள் (காந்தப் புலக் கோடுகளின் கட்டுகள்) உள்ளே நுழையும். கலிலியோ விண்கலம் 1995இல் அயோ பக்கமாகப் போனபோது அப்படிச் சில குழாய்களைக் கண்டது. அவற்றுக்குள் பிளாஸ்மா அலைகளும் எகிறியிருந்தன. இதுவரை சரி.

ஆனால் வெளியே போகும் பிளாஸ்மா விரிகிறது. விரிந்தால் குளிர வேண்டாமா? சைக்கிள் ட்யூபில் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லிடுகிறதே! அங்கே நேர்மாறு: தள்ளிப் போகப் போகச் சூடு ஏறுகிறது. அடுப்பு எங்கே? காந்தப் புலம் கொந்தளித்து, காந்தப் புலக் கோடுகள் வழியே ஓடும் ஆல்ஃபன் அலைகள் தேய்ந்து, அந்த ஆற்றல்தான் சூடாகிறது என்று ஒரு கட்சி. எனக்கும் அதில் சாய்வு உண்டு. ஆனால் அலையின் ஆற்றல் பிளாஸ்மாவில் உள்ள மின்னேறிய அணுக்களான அயனிகளுக்கு எப்படிக் கைமாறுகிறது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முப்பது வருஷம் வெப்பவியல் நடத்தியவன் நீ. பையன்களை மிரட்டிய அந்தச் சாமர்த்தியத்தை இதில் காட்டு. கணக்கைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மூன்றாவது வரியில்தான் சந்தேகம். பதிலை மட்டும் உன் பெண்ணை விட்டு எழுதச் சொல். உன் கையெழுத்தைப் படிக்க இந்த ரேடியோவாலும் ஆகாது.

அன்புடன்,
ராஜு