‘அசல் அப்படியே’ என்று விற்ற கேமில் ஜம்ப் மாறிப்போனது பற்றிப் புகார்

அனுப்புநர்: திருப்பூர் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளன)

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் கையடக்க கேம் பெட்டியில் வரும் பழைய பிளாட்ஃபார்ம் கேமின் (ஓடிக் குதித்துப் பள்ளம் தாண்டும் வகை) மறு ஆக்கத்தில் உள்ள குறைகளைச் சரிசெய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையதளத்திலேயே 4,499 ரூபாய் கட்டி இந்தப் பெட்டியை வாங்கினேன். இதில் எத்தனையோ கேம்கள் இருந்தாலும் நான் வாங்கியது ஒரே ஒரு கேமுக்காகத்தான். அட்டையின் முன்பக்கத்தில் அதன் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘அசல் அப்படியே, இப்போது உங்கள் கையில்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் டிவி கேம் என்றால் ஜப்பான் பெட்டியின் நகல்தான். வீட்டு டயனோரா டிவியின் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு அதை மாட்டுவோம். சொந்தமாக இல்லாதவர்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து வாடகைக் கடையில் விளையாடுவார்கள். இந்த கேமை நான் அப்படி வாடகைக்கு விளையாடித்தான் முடித்தேன். காசு கொடுத்து விளையாடும்போது ஒவ்வொரு லைஃபும் கணக்குதானே. கேம் நேர்மையாக இருந்ததால்தான் திரும்பத் திரும்ப அதையே போடச் சொன்னோம். விழுந்தால் ஏன் விழுந்தோம் என்று உடனே தெரியும். பட்டனை முந்தி அமுக்கியிருப்போம், இல்லாவிட்டால் பிந்தி அமுக்கியிருப்போம். அடுத்த முறை கை தானாகத் திருத்திக்கொள்ளும்.

இப்போது இதை என் அக்கா மகனுக்காக வாங்கினேன். அவிநாசியில் இருக்கிறான், ஆறாவது படிக்கிறான், லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். முதல் ஸ்டேஜின் முதல் பள்ளத்திலேயே விழுந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியை என்னிடம் நீட்டி, “மாமா, நான் அமுக்குனதுக்கப்புறம் யோசிச்சுட்டுத்தானுங்க குதிக்குறான்” என்றான். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு இது வராதுங்க மாமா” என்று சொல்லி எழுந்து போய்விட்டான். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அவன் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான். முதலில் சொன்னது முழு உண்மை என்பதை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த அளவுகளைக் கீழே தருகிறேன். உங்கள் பொறியாளர்களிடம் இதைக் காட்டுங்கள்.

என் போனில் நொடிக்கு 240 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி இருக்கிறது. கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துப் படம் எடுத்தேன். பட்டன் அடியில் போய் முட்டுவதற்கும் திரையில் கேமின் ஹீரோ கால் தரையை விட்டுக் கிளம்புவதற்கும் நடுவில் 36 பிரேம் ஓடுகிறது. அதாவது 0.15 நொடி. கேம் நொடிக்கு 60 பிரேமில் ஓடுவதால், கேமின் கணக்கில் இது 9 பிரேம் தாமதம். பரணில் கிடந்த என் பழைய பெட்டியை எடுத்துப்போய், தெரிந்த மெக்கானிக் கடையில் இருந்த டியூப் டிவியில் மாட்டி, அதே போனில் அதே மாதிரி எடுத்துப் பார்த்தேன். அங்கே கேமின் கணக்கில் 3 பிரேமுக்குள் குதித்துவிடுகிறான். இரண்டு வீடியோவையும் இணைத்திருக்கிறேன்.

0.15 நொடி என்றால் அற்பமாகத் தோன்றலாம். இந்த கேமில் ஹீரோ ஓடும்போது ஒரு பிரேமுக்கு 2 பிக்சல் நகர்கிறான். 9 பிரேமில் 18 பிக்சல். கேமில் தரையாக அடுக்கியிருக்கும் ஒரு சதுரக் கட்டையின் அகலமே 16 பிக்சல்தான். கடைசிக் கட்டையின் மேல் கால் வைத்த கணத்தில் சரியாக அமுக்கினாலும், பெட்டி அதைக் கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கட்டை முடிந்து அவன் பள்ளத்துக்கு மேலே இருக்கிறான். காலுக்கு அடியில் தரை இல்லாததால் ஜம்ப் வராது. ஒரு கட்டை முன்பே அமுக்கிப் பழகு என்று பையனிடம் சொல்லலாம்தான். ஆனால் நடக்கும்போது வேகம் வேறு, நகரும் பலகையில் நிற்கும்போது வேறு, ஐஸ் தரையில் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு முன்கூட்டி அமுக்க எந்தக் கையாலும் பழக முடியாது.

அடுத்தது ஜம்பின் உயரம். பழைய கேமில் பட்டனைத் தட்டிவிட்டால் சின்ன எட்டு (தாழ்வான ஜம்ப்), பிடித்துக்கொண்டே இருந்தால் முழு உயரம். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலும் இதே முறைதான். பட்டன்கள் இரண்டே இருந்தாலும் விளையாடுகிறவன் கையில் எத்தனையோ உயரம் இருந்தது. உங்கள் மறு ஆக்கத்தில் தட்டினாலும் பிடித்தாலும் ஒரே உயரம்தான் வருகிறது. மூன்றாவது ஸ்டேஜில் தலைக்கு மேல் முள் தொங்கும் குகை ஒன்று வரும். சின்ன எட்டு வைத்துக் கடக்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட இடம் அது. முள்ளை அப்படியே விட்டுவிட்டுச் சின்ன எட்டை மட்டும் எடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தை ஒரு லைஃபாவது இழக்காமல் கடக்க இப்போது வழியே இல்லை. வெளியிடும் முன் உங்கள் ஆபீசில் யாராவது ஒருவர் மூன்றாவது ஸ்டேஜ் வரை விளையாடியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

திரை விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். இதைத் தவிர்ப்பது உங்களுக்கு மிகச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய கேமின் படம் 256 பிக்சல் அகலம், 240 உயரம். உங்கள் கையேட்டின்படி இந்தப் பெட்டியின் திரை 320 அகலம், 240 உயரம். உயரம் அச்சாகப் பொருந்துகிறது. அகலத்தில் 64 பிக்சல் மிச்சம். இடப்பக்கம் 32, வலப்பக்கம் 32 என்று கறுப்பாக விட்டிருந்தால் பழைய படம் ஒரு புள்ளிகூடச் சேதமில்லாமல் உட்கார்ந்திருக்கும். நீங்களோ ஓரத்தில் கறுப்பு தெரியக்கூடாது என்று படத்தை ஒண்ணேகால் மடங்கு பெரிதாக்கித் திரையை நிரப்பிவிட்டீர்கள். அப்போது உயரத்தில் உள்ள 240 பிக்சல் கோடு 300 கோடாகிறது. திரையில் 240-க்குத்தான் இடம். கணக்குப் போட்டால் பழைய படத்தில் 48 கோடு மேலும் கீழுமாக வெட்டுப்படுகிறது. ஐந்தில் ஒரு பங்கு, கட்டைக் கணக்கில் மூன்று கட்டை உயரம்.

அந்தக் காலத்து டிவியும் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும், அது எனக்குத் தெரியும். மேலே சுமார் 8 கோடு, கீழே சுமார் 8 கோடு போகும். அதைத் தெரிந்துதான் அந்தக் காலத்தில் கேம் செய்தவர்கள் அந்த ஓரங்களில் முக்கியமான எதையும் வைக்காமல் விட்டார்கள். நீங்கள் வெட்டியது அதைப் போல மூன்று மடங்கு. கீழே வந்து போகும் பலகை இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. இருக்குமென்று நம்பிக் குதிக்க வேண்டியிருக்கிறது. மேலிருந்து விழும் கல் தலைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. பார்த்து, கணித்து, குதிப்பதுதான் இந்த வகை கேம். பார்க்கவே விடாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஒண்ணேகால் மடங்கு என்றால் நான்கு பிக்சல் ஐந்தாக வேண்டும். அதற்காக நாலில் ஒன்று மட்டும் இரட்டிப்பாகிறது. ஹீரோ ஓடும்போது செங்கற்களின் கோடு தடித்தும் மெலிந்தும் நெளிகிறது. பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டது இதனால்தான்.

சின்னத் திரைக்குள் பழைய கேமைக் கொண்டுவருவது கஷ்டமான வேலை என்பதை நான் மறுக்கவில்லை. 1999-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் என்று நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம் பாய் கலருக்கு வந்தது. அந்தத் திரை வெறும் 160-க்கு 144. படத்தை வெட்டாமல் அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் மேல், கீழ் பட்டனை அமுக்கினால் காட்சி நகர்ந்து, மறைந்த இடத்தைக் காட்டும்படி செய்தார்கள். 1994-இல் கேம் பாய்க்கு வந்த டாங்கி காங்கைப் பாருங்கள். 1981-இல் ஆர்கேடில் (காசு போட்டு விளையாடும் கடைப் பெட்டியில்) வந்தபோது அதில் நான்கே ஸ்டேஜ். முதலில் அந்த நான்கையும் சின்னத் திரைக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்து, அப்புறம் புதிதாகச் சேர்த்து மொத்தம் 101 ஸ்டேஜ் ஆக்கினார்கள். மறு ஆக்கம் என்றால் எதையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜம்பை மாற்றினால் அதற்கேற்ப குகையையும் மாற்றுங்கள். காட்சியை வெட்டினால் எட்டிப் பார்க்க ஒரு வழி வையுங்கள். எதையும் மாற்றவில்லை என்றால் மட்டும் ‘அசல் அப்படியே’ என்று எழுதுங்கள்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஒப்புக்கொண்டு சீல் போட்ட சேம்பிள் ஒன்று எங்கள் மேஜையில் எப்போதும் இருக்கும். கழுத்து அளவு அனுமதித்ததைவிடக் கூடினால், துணியும் கலரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த பீஸ் பெட்டிக்குள் போகாது. உங்களுக்கும் சீல் போட்ட சேம்பிள் ஒன்று இருக்கிறது, அது அந்தப் பழைய கேம். அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்பினீர்களா என்பதை எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

பாட்டு கொஞ்சம் கரகரக்கிறது, அதை விட்டுவிடலாம். பேட்டரி நன்றாக நிற்கிறது. எந்த இடத்திலும் சேவ் செய்யலாம் என்பது நல்ல வசதி. பட்டன்களும் உறுதியாக இருக்கின்றன. உழைத்துச் செய்த பெட்டி என்பது தெரிகிறது, அதனால்தான் கோபத்தைவிட ஆதங்கம் அதிகமாக இருக்கிறது.

உங்கள் சேவைப் பிரிவுக்கு முன்பே எழுதினேன். ‘பழைய கேம்கள் கடினமாகத்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பழைய கேம் கடினம்தான், ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய கடினம். உங்கள் பெட்டி சேர்த்திருக்கும் கடினத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பழைய கேமையே பார்த்திராத பிள்ளைகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். என் அக்கா மகன் அப்படித்தான் நினைத்தான். மெக்கானிக் கடைக்கு அவனையும் கூட்டிப்போய்ப் பழைய பெட்டியில் விளையாட விட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது ஸ்டேஜுக்குப் போய்விட்டான்.

நான் கேட்பது இதுதான். பெட்டியில் யூ.எஸ்.பி. வழியாக சாஃப்ட்வேர் அப்டேட் செய்யும் வசதி இருப்பதாக உங்கள் கையேடே சொல்கிறது. ஆகவே, படத்தை 256-க்கு 240 என்ற பழைய அளவிலேயே காட்டும் ஒரு தேர்வை செட்டிங்கில் கொடுங்கள். தட்டினால் சின்ன எட்டு, பிடித்தால் முழு எட்டு என்பதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பட்டன் தாமதத்தைக் குறையுங்கள். பெட்டியின் அமைப்பினால் அதை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது என்றால், விளிம்பைத் தாண்டிய பிறகும் சில பிரேம் வரை ஜம்பை ஏற்றுக்கொள்ளும்படி செய்யலாம். 2018-இல் வந்த செலெஸ்ட் போன்ற கேம்களில் இந்தச் சலுகை உண்டு, விளையாடுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அப்டேட் எப்போது வரும் என்று தேதி சொன்னால் காத்திருக்கத் தயாராக இருக்கிறேன். எனக்கு வேண்டியது அந்த கேம்தான், பணம் அதற்கு அடுத்ததுதான்.

முடியாது என்றால் 4,499 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள், பெட்டியை அனுப்பிவிடுகிறேன். இனி அச்சாகும் அட்டைகளில் இருந்து ‘அசல் அப்படியே’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான். இணையத்தில் விற்பவர்களுக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் வரை பொறுத்திருப்பேன். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, என் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இணைப்பு: பில் நகல், அட்டையின் புகைப்படம், இரண்டு ஸ்லோமோஷன் வீடியோக்கள், உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருப்பூர்