கடைசிக் கரண்டுக்குப் பிறகு வரும் இரண்டு கிழமைகள்: கொழும்பு மாதர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவியருக்கும் செயலாளர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும்,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கொழும்பில் இயங்கும் கோயில் மாதர் சங்கங்கள், பழைய மாணவிகள் சங்கங்கள், பள்ளிவாசலோடும் தேவாலயத்தோடும் சேர்ந்த பெண்கள் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வோர் ஒக்டோபரிலும் இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டு, மார்பகத்தில் மாற்றம் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி என்று கூட்டம் வைக்கிறீர்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான், ஆகவே அதை நிறுத்தச் சொல்ல வரவில்லை. ஆனால் கட்டியைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாள் என்று நம் சங்கங்கள் கேட்பது குறைவு. அவளுக்கு அறுபது எழுபது வயது என்றால் கேட்பதே இல்லை.

நான் கேட்பது ஒன்றைத்தான். கதிர்ச் சிகிச்சை எடுக்கும் வயதான பெண்ணுக்கு, அதை ஏற்கெனவே எடுத்து முடித்த இன்னொரு பெண்ணைத் துணையாகச் சேர்த்துவிடுங்கள். சிகிச்சை தொடங்க முன்னரே சேர்த்துவிடுங்கள். கடைசி நாள் முடிந்து மூன்று நாலு கிழமை வரை அந்தத் துணை நீடிக்கட்டும்.

கடைசி நாளுக்குப் பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். தோல் மிக மோசமாவது அப்போதுதான். ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று நம்மவர்கள் சொல்லும் இந்தச் சிகிச்சையில் படுத்திருக்கும்போது எதுவும் தெரியாது, சுடாது, நோகாது. முதல் நாட்களில் ‘இவ்வளவுதானா’ என்றிருக்கும். இரண்டாம் மூன்றாம் கிழமையளவில் தோல் காய்ந்து, சூடாகி, அரிக்கத் தொடங்கும். சிகிச்சை முடிந்த பிறகும் அது ஏறிக்கொண்டே போய், ஒன்றிரண்டு கிழமைக்குள் உச்சத்துக்கு வந்து, அப்புறம்தான் இறங்கும். முன்பு 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிரை 25 தடவையாகப் பிரித்து ஐந்து கிழமை கொடுத்தார்கள். இப்போது பல இடங்களில் 40 கிரே, 15 தடவை, மூன்று கிழமை. பிரித்தானிய ஆய்வொன்று 26 கிரேயை ஒரே கிழமையில் ஐந்து தடவையாகக் கொடுத்து, 2020இல் முடிவை வெளியிட்டது. குறுகிய முறைகளில் தோலுக்கு வரும் பாதிப்பு பொதுவாகக் குறைவு, அலைச்சலும் மிச்சம். ஆனால் நாட்கள் குறையக் குறைய, தோல் எரியும் காலம் முழுவதும் வீட்டிலேயே கழிகிறது. தினமும் முகம் பார்த்த தாதி மிஸ் அங்கே இல்லை. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து வட்ஸ்அப்பில், “எல்லாம் முடிஞ்சுதுதானே அம்மா, இனிச் சந்தோஷமாய் இருங்கோ” என்கிறார்கள். அம்மாவும் “ஓம் ஓம்” என்கிறார், அக்குளைத் தொட முடியாமல்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எழுபதை நெருங்கும் வயது, தனியார் மாடிக் குடியிருப்பு, வெக்கை. அந்த நாட்களில் எனக்கு உதவியது என் கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருந்த கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர்தான். எனக்கு முதலே முடித்திருந்தார். போன் எடுத்து, “தோல் கறுத்து ஈரமாக இருக்கா, இல்லாட்டிக் காய்ஞ்சு உரியுதா?” என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

‘கறுத்து’ என்று அவர் கேட்டது முக்கியம். தோல் எந்த அளவு பாதிக்கப்பட்டது என்று பார்க்க உலகமெங்கும் பயன்படும் அளவுகோல்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. முதற்படி இலேசான சிவப்பு, அடுத்த படி கடுமையான சிவப்பு என்று போகும். நம் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கறுக்கும், சிலருக்குக் கருநீலம் ஓடும், தொட்டால் சூடாக இருக்கும். பார்ப்பவருக்கு ‘ஒன்றுமில்லை’ போலத்தான் இருக்கும், எரிவது எரிபவளுக்கு மட்டும் தெரியும். வயதான பெண்கள் வேறு, டொக்டர் ‘எப்படி இருக்கிறது’ என்றால் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள். நம் வளர்ப்பு அப்படி. ஆகவே நிறம் மாறியிருக்கிறது, சூடாக இருக்கிறது, எரிகிறது, எந்த இடத்தில் என்று தெளிவாகச் சொல்லப் பழக்க ஒரு ஆள் வேண்டும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும் என்று தன்னைக் காட்டிச் சொல்லவும் அனுபவப்பட்ட ஒருத்தி வேண்டும்.

மார்பின் கீழ் மடிப்பையும் அக்குளையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. தோல் தோலோடு உரசும் இடங்கள் அவை. வயது போகப் போக மார்பு தளர்ந்து கீழ் மடிப்பு ஆழமாகிறது. கொழும்பு வெயிலில், அதுவும் ஏப்ரலில், அந்த மடிப்பு காய்வதே இல்லை. நீரிழிவு இருந்தால் பூஞ்சைக் கிருமியும் சேர்ந்துகொள்ளும். தோல் உடைந்து நீர் கசிவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆனால் ‘மார்புக்குக் கீழே புண்ணாகிவிட்டது’ என்று மகனிடம் சொல்வாரா ஒரு தாய்? மருமகளிடம்? வீட்டில் வேலைக்கு வரும் பிள்ளையிடம்கூடச் சொல்லமாட்டார்.

இனி, நம் வீடுகளில் தோலுக்கு என்ன செய்கிறோம் என்று பாருங்கள். ஒருவர் மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார், இன்னொருவர் சந்தனம். பவுடர் கொட்டாத அம்மா கிடையாது. வெக்கைக்கு ஓடிக்கொலோன். லண்டன் மகள் விலை கூடிய கிறீம் பார்சலில் அனுப்புவாள். முற்றத்துக் கற்றாழை எப்படியும் வரும். கற்றாழையைப் பல ஆய்வுகளில் சோதித்தார்கள், கதிர்ச் சிகிச்சையால் வரும் தோல் அழற்சியை அது தடுக்கிறது என்று உறுதிப்படவில்லை. ஓடிக்கொலோனில் இருப்பது மதுசாரம், காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். மஞ்சளும் சந்தனமும் சாதாரண நாட்களில் நல்லவைதான். வெடித்த தோலில், எங்கே அரைத்தது என்று தெரியாத விழுதைப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன்.

மறுபக்கம், அளவுக்கு மீறிய பயமும் இருக்கிறது. ‘கரண்ட் பிடிக்கும் வரைக்கும் தண்ணீர் படக்கூடாது’ என்று நம்பி, அந்த வெக்கையிலும் வாரக்கணக்கில் கழுவாமல் இருந்த அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். அது பழைய அறிவுரை. இளஞ்சூட்டு நீரில், வாசனையில்லாத மெதுவான சவர்க்காரத்தில், தேய்க்காமல் கழுவலாம் என்று 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. கழுவிய பிறகு மெல்லிய துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டப் பேனையால் போட்ட அடையாளங்கள் அழியாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கிறீமும் அப்படியே. சிகிச்சைக்கு முன் எந்தக் கிறீமும் ஆகாது என்று பல இடங்களில் சொல்வார்கள். மெல்லியதாகப் பூசினால் தோலில் படும் கதிரின் அளவு மாறாது, தடிப்பாக அப்பினால்தான் கூடும் என்று 2018இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனாலும் தன் சிகிச்சைப் பிரிவு சொல்வதைத்தான் ஒருவர் கேட்க வேண்டும், துணைக்குப் போகும் பெண் அதை மாற்றிச் சொல்லக்கூடாது. தொடக்கத்திலிருந்தே ஸ்டெரொய்ட் கிறீம் பூசினால் அழற்சி குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அது டொக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து, பாமசியில் நாமாகக் கேட்டு வாங்குவதல்ல. கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

உடுப்பு விஷயம் டொக்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இறுக்கமான சேலைச் சட்டையின் கைமடிப்பு அக்குளை அறுக்கும். கம்பி வைத்த பிறா கூடவே கூடாது. மார்பு பெரிதென்றால் கம்பியில்லாத மெல்லிய பருத்தி உள்சட்டை தாங்கிப் பிடிக்கும், மடிப்பில் உரசல் குறையும். வீட்டில் தளர்ந்த ஹவுஸ்கோட்டோடு காற்றுப்பட இருப்பது நல்லது. கைப்பையை மற்றத் தோளில் போட வேண்டும். அபாயா உடுத்தும் சகோதரிகளுக்கு உள்ளே போடும் துணிதான் முக்கியம். பிறகு தாலிக்கொடி. நாற்பது வருஷம் கழுத்தை விட்டு இறங்காத கொடியை மேசையில் கழற்றி வைக்கச் சொல்லும்போது, ஒரு பெண் சிகிச்சையையே வேண்டாம் என்று எழுந்து போகப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். இன்னொரு சுமங்கலி வந்து, “நானும் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைச்சுக்கொண்டுதான் போனனான்” என்ற பிறகுதான் அவர் மனம் இளகியது. எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இது வராது.

கூச்சத்தையும் சொல்லாமல் விட முடியாது. மேல் உடுப்பைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் மூட்டு இறுகிய கிழவிக்கு அதுவே பெரிய வேலை. மெசினை இயக்குபவர் பேரன் வயதுப் பையனாக இருப்பான். அவன் ஒழுங்கானவன்தான், தன் வேலையைப் பார்க்கிறான், ஆனாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்போம். பெண் ஊழியர் ஒருவர் கூட நிற்கலாமா என்று கேட்கலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது, சட்டத்தில். கிளினிக் வாசலில் அவசரமாகச் சொல்லப்படும் நாலு வசனம் சிங்களத்தில் வந்தால், ஹட்டனிலிருந்து வந்து, புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அம்மா தலையாட்டிவிட்டுப் போகிறார். அவர் வெள்ளவத்தைக்காரி அல்ல, உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவரும் அல்ல. அவரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இரண்டு மொழியும் தெரிந்த அங்கத்தவர்கள் உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் மகரகம.

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. மார்பகம் அகற்றிய டெரீஸ் லாசர் என்ற பெண் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘ரீச் டு ரிகவரி’ என்று தொடங்கினார், சிகிச்சை முடித்தவர் புதிதாகத் தொடங்குபவரைப் போய்ப் பார்ப்பது. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே அங்கத்தவர் பட்டியல் இருக்கிறது, வட்ஸ்அப் குழு இருக்கிறது, அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கும் திறமை இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், சிகிச்சை முடித்த அங்கத்தவர்களிடம் தனித்தனியாக, இரகசியமாகக் கேளுங்கள். குழுவில் போட்டுக் கேட்காதீர்கள். கொழும்புத் தமிழ்ச் சமூகம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். ‘இன்னாருக்கு கான்சராம்’ என்று கல்யாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும். பெயர்கள் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: போன் எடுப்பது, கேட்பது, முடிந்தால் ஒருதரம் கூடப் போவது. சிகிச்சை முடிந்த அடுத்த கிழமைகளில் ஒன்றுவிட்டொரு நாளாவது கட்டாயம் போன் எடுக்க வேண்டும். நீர் கசிகிறது, நாற்றம் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது, நோவு திடீரென்று கூடுகிறது என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும், ஓட்டோவுக்குக் காசில்லை என்றால் சங்கம் கொடுக்க வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மருந்து சொல்லக்கூடாது. ‘என் ஒன்றுவிட்ட தங்கச்சிக்கும் இப்படித்தான் வந்தது, பாவம்’ என்ற கதை கூடாது. கிரகப் பலன் கூடாது. சிகிச்சை தேவையா என்ற பேச்சில் தலையிடவே கூடாது. 65 வயதுக்கு மேல், கட்டி சிறியது, நிணநீர்க் கணுவுக்கு நோய் பரவவில்லை, ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறார் என்றால் சிலருக்குக் கதிர் இல்லாமலும் விடலாம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கதிர் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பத்து ஆண்டுகளில் உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் இல்லை, ஆனால் அதே மார்பில் நோய் திரும்பி வருவது கொடுக்காதவர்களில்தான் அதிகம். அதை டொக்டரும் அந்தப் பெண்ணும் பேசித் தீர்மானிக்கட்டும். நாம் இடையில் புகுந்து நியாயம் பேசுவது கல்யாண வீட்டில் சம்பந்தமில்லாதவர் சீதனம் பேசுவது போலாகிவிடும்.

அடுத்து, தமிழில் ஒரு பக்கத் தாள், பெரிய எழுத்தில். கதிர்ச் சிகிச்சை டொக்டர் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சடியுங்கள். ஒக்டோபர் சட்டைக்குச் செலவாகும் காசில் ஒரு பங்கு இதற்கும், தையல் தெரிந்த அங்கத்தவர்கள் தைக்கும் மெல்லிய பருத்தி உள்சட்டைகளுக்கும் போதும். முன்பக்கம் திறக்கும்படி தைக்கச் சொல்லுங்கள், கை தூக்க முடியாதவர்களுக்கு அதுதான் வசதி.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பெயர் தரச் சம்மதித்த சிலர் என்னிடம் இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன். மேல் மாடி மண்டபம் வேண்டாம், லிஃப்ட் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேரால் ஏற ஏலாது. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், சிலருக்குக் கோயில், சிலருக்கு ஜும்ஆ. மின்விசிறி மட்டும் வேலை செய்கிறதா என்று முதலே பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர்