வாசலில் கடல், குழாயில் காற்று

தரங்கம்பாடியில் காட்டேஜ் நடத்தும் சென்னை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் அந்தச் சனிக்கிழமை ராத்திரி உங்கள் காட்டேஜ் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராதது உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை போனில் சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் "பார்க்கிறோம் சார்" என்றீர்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தங்காத இரண்டாவது நாளுக்கு வாங்கிய 4,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்.

மோட்டார் எரிந்துபோவது எங்கேயும் நடப்பதுதான். 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு தெருவில் நின்ற சென்னைக்காரர்கள் நாங்கள். வறண்ட குழாய் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் மோட்டார் எரிந்து நாலு நாள் ஆகிறது என்றார் வாட்ச்மேன். அன்று காலையில்தானே போன் செய்து மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கினீர்கள்? அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை வேறு. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருப்பார். இருந்ததோ ஒரே ஒரு வாளித் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் அரை மக் மட்டும் ஊற்றிவிட்டு, "காலையில உனக்கும் வேணுமேடா" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. விடிந்ததும் மீனவர் தெருவிலிருந்து ஓர் அக்கா இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

உங்கள் விளம்பரத்தில் 'பாரம்பரிய அனுபவம்' என்று போட்டிருக்கிறீர்கள். 1620-ல் டென்மார்க்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டையும் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் நீங்கள் கட்டியவையா? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, திண்ணையில் ஒரு பித்தளை அண்டாவை வைத்தால் வாடகை இரட்டிப்பாகிவிடுகிறது. அந்த அண்டாவிலும் தண்ணீர் இல்லை. டென்மார்க்காரர்கள் 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுக் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். உங்களுக்கு 4,500 ரூபாய்க் கணக்கை முடிக்க ஒரு மாதம் போதவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். என் வங்கிக் கணக்கு எண் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து இந்த வாரத்துக்குள் அந்த 4,500 ரூபாயை அனுப்பிவையுங்கள்.

அப்புறம், அந்த அக்காவின் குடம் ஒன்று உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. வாட்ச்மேனிடம் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரண்டு நாளுக்குப் பணம் கட்டி ஒரு ராத்திரி தங்கியவன்,
மயிலாப்பூர், சென்னை