வெறும் பெயர்ப் பட்டியலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகம வாசிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பழைய ஏற்பாட்டு நூலான 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் வெறும் பெயர்ப் பட்டியல், தாண்டிப் போனால் நஷ்டமில்லை என்கிறது. யாருக்கு நஷ்டமில்லை ஐயா?

எஸ்றா நூலின் 2-ஆம் அதிகாரம் தாங்கள் அறியாததல்ல. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் 652 பேரால் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியவில்லை. ஆலயத்தில் பலியிடும் ஆசாரியர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள். அகப்படவில்லை. அவ்வளவுதான், ஊழியத்தை விட்டு விலக்கிவிட்டார்கள். தேவனுடைய சித்தத்தைக் கேட்டறிய உதவும் ஊரீம் தும்மீமுள்ள ஆசாரியன் ஒருவன் எழும்பும்வரை, ஆசாரியருக்குரிய பரிசுத்த பங்கில் சாப்பிடவும் கூடாது. கோத்திரம் கோத்திரமாக நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஜனத்துக்கு அந்தப் பட்டியல்தான் பட்டா. பட்டாவை யாராவது தாண்டிப் படிப்பார்களா?

நான் தாண்டமாட்டேன். எங்கள் அப்பாவுக்கு மூன்றும் பெண். அவர் இறந்தபின் சித்தப்பா எழுதிக் கொடுத்த வாரிசுப் பட்டியலில் கல்யாணமான இரண்டு பேரின் பெயர் இல்லை. "கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் எதுக்கும்மா பேரு?" என்று கேட்டார் அலுவலகத்தில் ஒருவர். பதினோரு மாதம் நடந்தேன். அந்த நாட்களில்தான் வேதாகமத்தில் எண்ணாகமம் 27-ஐ முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். செலொப்பியாத்தின் ஐந்து பெண்களும் மோசேக்கு முன்பாகப் போய் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் அழிய வேண்டுமா என்று கேட்கிறார்கள். நிலமும் கிடைத்தது. (அப்புறம் 36-ஆம் அதிகாரத்தில் சொந்தக் கோத்திரத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வந்தது. அதையும் நான் மறைக்கவில்லை.)

உங்கள் கட்டுரையாளர் தாண்டிய பக்கங்களில்தான் சேராள் இருக்கிறாள், 1 நாளாகமம் 7:24-இல். எப்பிராயீம் வீட்டுப் பெண்; கீழ் பெத்தொரோன், மேல் பெத்தொரோன் என்ற ஊர்களைக் கட்டினவள். 2-ஆம் அதிகாரத்தில் சேசான் என்று ஒருவன்; அவனுக்கு மகன் இல்லை, மகளை எகிப்திய வேலைக்காரன் யர்காவுக்குக் கொடுக்கிறான். வம்சம் அவள் வழியே ஓடுகிறது. இதையெல்லாம் எங்கள் சபையிலும் யாரும் வாசிப்பதில்லை. அதே பட்டியல் நடுவில் இருக்கிற யாபேசின் ஜெபத்தை மட்டும் பிடுங்கி வருஷா வருஷம் காலண்டரில் அச்சடிக்கிறார்கள். எல்லையைப் பெரிதாக்கும் என்று கேட்கிறதல்லவா, அதனால்தான் போலும்.

நாளாகமம் எழுதியவர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. செலொப்பியாத்துக்குக் குமாரத்திகள் இருந்தார்கள் என்பதோடு நிறுத்திவிட்டார், பெயர் சொல்லவில்லை.

போன வருஷம் நான் அனுப்பிய கடிதத்தைப் பாதியாக வெட்டியதும் இல்லாமல், இனிஷியலையும் மாற்றிப் போட்டீர்கள். வேறு யாரோ ஒருவருக்கு மகளாக்கிவிட்டீர்கள். நமக்கு இருக்கிற வம்ச அட்டவணையே அந்த ஒரு எழுத்துதான். ஆகவே இந்தத் தடவை என் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம்.

வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த இதழில் ஒரு மூலையில் அந்த ஐந்து பெயரையும் போடுங்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'ள்'. பிழை திருத்துகிறவர் அதை 'ன்' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை