ஒரே குளத்தை இருநூறு முறை அளக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சர்வர் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தெளிவான கட்டுரை. ஆனால் நடுவில் ஒரு வரி: டேட்டாபேஸ் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று தெரிய லினக்ஸில் ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையைப் போட்டு, ‘ரெஸ்’ என்ற பத்தியில் (ஒவ்வொரு புரோகிராமும் பிடித்திருக்கும் மெமரி) உள்ள எண்களைக் கூட்டிப் பாருங்கள் என்று. அந்தக் கூட்டலால் ஒரு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் போயிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

பதினெட்டு வருடமாக டேட்டாபேஸ் நிர்வாகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. முன்பு ஒரு நிறுவனத்தில் இருந்தபோது இரவு பதினொரு மணிக்கு மேலாளர் போன் செய்தார். “மெமரி லீக் ஆகுது, உடனே வந்து பாருங்க.” எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் டேட்டாபேஸ் விழுங்கிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். போனால், கட்டுரையில் சொன்னபடியே ரெஸ் பத்தியை அப்படியே எக்செல்லில் ஒட்டிக் கூட்டி வைத்திருந்தார். 410 ஜி.பி. வந்திருந்தது. அந்த இயந்திரத்தில் இருந்த மெமரியே 32 ஜி.பி.தான்! முப்பத்திரண்டு படி கொள்ளும் அண்டாவில் நானூற்றுப் பத்து படி எப்படி நிற்கும் என்று கேட்டேன். “அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்” என்றார்.

அங்கே ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸ் (தனியாக ஓடும் ஒரு புரோகிராம்) திறப்பது அதன் வழக்கம். அன்றைக்கு 200 கனெக்‌ஷன்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘ஷேர்டு பஃபர்ஸ்’ என்று ஒரு நினைவகப் பகுதி உண்டு. சும்மா நிறுவினால் அது 128 எம்.பி.; நாங்கள் 8 ஜி.பி.யாக வைத்திருந்தோம். ஒரு ப்ராசஸ் அந்தப் பொதுப் பகுதியில் ஒரு பக்கத்தை, அதாவது மெமரியின் ஒரு சின்னத் துண்டை, தொட்டால் போதும், அது அந்த ப்ராசஸின் ரெஸ் கணக்கில் ஏறிவிடும். அடுத்த ப்ராசஸ் அதே பக்கத்தைத் தொட்டால் அதன் கணக்கிலும் ஏறும். குளம் ஒன்றுதான். வந்து கால் நனைத்த ஒவ்வொருவர் பெயரிலும் அந்தத் தண்ணீரைப் பற்று எழுதிக் கடைசியில் கூட்டினால், ஊரில் இருநூறு குளம் இருப்பதாகத்தான் கணக்கு வரும்.

‘லீக்’ என்று அவர் பயந்ததற்கும் இதுவே காரணம். காலையில் திறந்த கனெக்‌ஷன் முதலில் சில பத்து எம்.பி. காட்டும். நாள் முழுக்க வெவ்வேறு டேபிள்களைப் படிக்கப் படிக்க, பொதுப் பகுதியில் அது தொட்ட இடம் கூடிக்கொண்டே போகும். சாயங்காலம் பார்த்தால் 3 ஜி.பி. அந்த ப்ராசஸ் புதிதாக வாங்கிக்கொண்டது என்னவோ மிகக் கொஞ்சம்தான்.

சரி, உண்மையான கணக்கு எங்கே கிடைக்கும்? லினக்ஸில் பிஎஸ்எஸ் என்றொரு அளவு 2008-லிருந்தே இருக்கிறது. ஒரு பக்கத்தைப் பத்து ப்ராசஸ்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் பெயரிலும் பத்தில் ஒரு பங்கை மட்டும் எழுதும். அதனால் கூட்டினால் ஒரே பக்கம் இரண்டு முறை வராது. ‘ப்ராக்’ அடைவுக்குள் ஒவ்வொரு ப்ராசஸின் எண்ணுக்கும் கீழே ‘ஸ்மேப்ஸ்’ என்ற கோப்பில் இது கிடைக்கும். 2017-ல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.14 முதல் ‘ஸ்மேப்ஸ் ரோல்அப்’ என்று மொத்தத்தையும் ஒரே இடத்தில் சுருக்கித் தருகிறார்கள். (இந்தக் கோப்புகளை விநாடிக்கொரு முறை படிக்கும் ஸ்கிரிப்ட் எழுதிவிடாதீர்கள். பெரிய நினைவகத்தில் அதைப் படிப்பதே ஒரு வேலை.) அன்று ராத்திரி உட்கார்ந்து 200 ப்ராசஸுக்கும் கூட்டினேன். 9.6 ஜி.பி. அதில் 8 ஜி.பி. பொதுக் குளம், மீதியைப் பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 8 எம்.பி.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இயந்திரத்தின் மொத்த மெமரிக் கணக்கைக் காட்டும் ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்தபோது ‘பேஜ்டேபிள்ஸ்’ என்ற வரியில் 2.7 ஜி.பி. என்று இருந்தது. இது ரெஸ்ஸிலும் வராது, பிஎஸ்எஸ்ஸிலும் வராது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கெர்னல் எழுதி வைக்கும் பேரேடு அது. 4 கே.பி. பக்கம் ஒவ்வொன்றுக்கும் 8 பைட் பதிவு வேண்டும். 8 ஜி.பி.யில் அப்படி இருபது லட்சத்துக்கும் மேல் பக்கங்கள்; பதிவுகள் மட்டும் 16 எம்.பி. இந்தப் பேரேட்டை ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்வதில்லை, ஆளுக்கொன்று. 200 பேர் முழுசாக எழுதினால் 3 ஜி.பி.யைத் தாண்டும். குளத்தைப் பற்றிப் பொய்யாக அலறிய கணக்கு, உண்மையிலேயே வீணாகிக்கொண்டிருந்த இந்த 2.7 ஜி.பி.யைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மைஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூட்டல் தொல்லை இல்லை. அது ஒரே ப்ராசஸ், உள்ளே ஒரே மெமரியைப் பகிர்ந்து வேலை செய்யும் பல த்ரெட். ரெஸ் எண் ஏறக்குறைய உண்மையைச் சொல்லும். ஆனால் பெரிய க்வெரி முடிந்த பிறகும் எண் இறங்காமல் நிற்பதுண்டு. காலி செய்த மெமரியை, அதைப் பங்கிட்டுத் தரும் அலோகேட்டர், சிஸ்டத்திடம் திருப்பித் தராமல் கையில் வைத்திருக்கும். அதுவும் லீக் இல்லை.

மெமரி நிலவரம் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை பற்றிக் கட்டுரையில் இருந்ததற்கும் ஒரு சின்னத் திருத்தம். ‘பஃப் கேஷ்’ (படித்த கோப்புகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) என்ற பத்தி முழுவதையும் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். போஸ்ட்கிரெஸின் பொதுப் பகுதியும் அந்தப் பத்திக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதை டேட்டாபேஸ் ஓடும்போது யாரும் காலி செய்ய முடியாது. இன்னும் எவ்வளவு மெமரி கொடுக்க முடியும் என்று காட்டும் ‘அவைலபிள்’ என்ற எண் இதைக் கழித்துச் சொல்லும், அதை நம்பலாம். அன்று அது 17 ஜி.பி. காட்டியது. மூச்சு முட்டுகிற இயந்திரமே இல்லை அது.

மறுநாள் ‘ஹியூஜ் பேஜஸ்’ அமைத்தேன். பக்கம் 4 கே.பி.க்குப் பதில் 2 எம்.பி. ஆகும், 8 ஜி.பி.க்கு 4,096 பதிவு போதும், ப்ராசஸுக்கு 32 கே.பி. பேரேடு மொத்தமும் 100 எம்.பி.க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பெரிய பக்கங்களை ரெஸ் எண்ணுவதே இல்லை, பிஎஸ்எஸ்ஸும் எண்ணாது. மெம்இன்ஃபோவில் ‘ஹியூஜ்பேஜஸ்’ என்று தொடங்கும் வரிகளில் தனியாகத் தேட வேண்டும். அப்படி அமைத்த இயந்திரத்தில் உங்கள் கட்டுரையின் கூட்டலைப் போட்டால் 8 ஜி.பி. குளமே கண்ணில் படாது. திருத்தம் வெளியிட்டால் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மேலாளர் மறுபடியும் எக்செல்லைத் திறந்து கூட்டினார். 3 ஜி.பி. வந்தது. 410 ஜி.பி.யை ஒரே நாளில் 3 ஆக்கியதாக எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிப் பாராட்டினார். இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதிப் பதில் போட்டேன். நான் அங்கிருந்து விலகும் நாள் வரை, வருடாந்திர மதிப்பீட்டில் அந்த 407 ஜி.பி. சேமிப்பு என் பெயரில்தான் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
டேட்டாபேஸ் நிர்வாகி