நிறமி மை என்ற பெயரில் வந்த சாய மை

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: படச்சட்ட அலங்காரத் தொகுப்பிலிருந்த ஊதா மை வெளிறியது பற்றி இரண்டாம் முறையாக

ஐயா / அம்மையீர்,

உங்கள் ரப்பர் ஸ்டாம்ப் தொகுப்பை வாங்கி, என் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்காக ஒரு மவுண்ட் அட்டையை (சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) அலங்கரித்தேன். நான்கு பக்கமும் கொடி ஓடுவதுபோல் இலைகள், மூலைக்கு ஒரு பூ. மூன்று மாலைகள் உட்கார்ந்து செய்த வேலை. சுவரில் மாட்டி ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஊதா இலைகளெல்லாம் சாயம்போன துணிபோல வெளிறிய இளஞ்சிவப்பாகிவிட்டன.

முதல் கடிதத்துக்கு, "நேரடி வெயில் படாத இடத்தில் மாட்டவும்" என்று ஒரு வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்தச் சுவரில் எந்த நேரத்திலும் வெயில் விழுவதில்லை. இதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். படித்தவர் யாரோ தெரியவில்லை.

சட்டத்தைக் கழற்றியபோதுதான் விஷயம் விளங்கியது. கொடி விளிம்புவரை ஓட வேண்டும் என்று சில இலைகளை அட்டையின் ஓரத்தைத் தொடும்படி அச்சிட்டிருந்தேன். மரச் சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த அரை சென்டிமீட்டர் மட்டும் முதல் நாள் இருந்த அடர் ஊதாவிலேயே இருக்கிறது. ஒரே இலைதான்: நுனி ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு, நடுவே அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

பெட்டியின் மேல் "நிறமி மை, நிறம் மங்காது" என்று போட்டிருக்கிறீர்கள். நிறமி மையில் வண்ணத் துகள்கள் தாளின் மேற்பரப்பிலேயே தங்கும், காய நேரம் பிடிக்கும். அவசரமென்றால் சூடான காற்றைக் காட்ட வேண்டும். உங்கள் மையோ அரை நிமிடத்தில் அட்டைக்குள் இறங்கிவிட்டது. விரலால் தேய்த்தால்கூட ஒட்டவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள், எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று மகிழ்ந்துபோனேன்!

இப்போது சோதித்தும் பார்த்துவிட்டேன். வடிதாளில் ஒரு இலையை அச்சிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். மை கரைந்து ஓடி, நீலம் ஒரு வளையமாகவும் இளஞ்சிவப்பு ஒரு வளையமாகவும் பிரிந்து நின்றது. தண்ணீரில் கரைந்து இப்படி ஓடுவது சாயம். காய்ந்த நிறமி ஓடாது. இரண்டு சாயங்களில் நீலம் முதலில் வெளுத்துவிட்டது, மிச்சம் என் சுவரில் தொங்குகிறது.

ஸ்டாம்புகளைக் குறை சொல்ல மாட்டேன். இலை நரம்புகூடத் துல்லியமாக விழுகிறது. இடது கீழ் மூலைப் பூ இரட்டையாகத் தெரிவது என் கை ஆடியதால்; அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. அட்டையும் நல்ல அட்டைதான், சாய்வாக வெட்டிய உள்விளிம்பு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. சாய மை மட்டமான பொருளும் அல்ல. வாழ்த்து அட்டைக்கு அதுவே போதும். ஆண்டுக்கணக்கில் வெளிச்சத்தில் தொங்கப்போகும் ஒன்றுக்கு அதை "மங்காது" என்று விற்றதுதான் குற்றம்.

மூன்று மைப்பெட்டிகளுக்கான பணத்தையும், அதே அளவில் ஒரு புதிய மவுண்ட் அட்டையையும் பதினைந்து நாட்களுக்குள் அனுப்புங்கள். பெட்டியிலுள்ள வாசகத்தை எப்போது திருத்துவீர்கள் என்றும் எழுத்தில் தெரிவியுங்கள். மாற்றாக அதே மையை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சட்டம் கழற்றிய அட்டையின் புகைப்படம், சோதித்த வடிதாள், ரசீது நகல்